எத்தனை கழுத்து வேண்டும்?

தேயிலைக் கொழுந்து எடுப்பவர்கள் மலையிலிருந்து இறங்கும் நேரம் அல்ல அது. ஆனாலும் என் மகள் செல்வராணி இறங்கி வந்தாள். நான் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், பீலியிலிருந்து கொட்டும் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். பாதி நிறைந்த கொழுந்துப் பையைத் தோளிலிருந்து கழற்றாமலே என் முன்னால் வந்து நின்றாள்.

“அப்பா, ரெஜினா மிஸ் போயிட்டாங்களாம். வட்டகொடையிலேர்ந்து அவங்க தம்பி போன் பண்ணினாரு.”

ஒரு காலைக் கழுவியவன் மற்றக் காலைக் கழுவாமல் அப்படியே நின்றேன். அவள் அழவில்லை. பையைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்தாள். அதன் இரண்டு தோள்பட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்தாள். “இந்தப் பைய மாட்டிவிட்ட மனுசிப்பா,” என்றாள். பிறகுதான் முகத்தை மூடிக்கொண்டாள்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு, மிஸ்ஸைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவருடைய தம்பி கேட்டார். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதி, அவளே வாசிப்பதைத்தான் நீங்கள் இப்போது கேட்கிறீர்கள். உங்களில் பலர் அவரிடம் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். அவரைக் கரும்பலகைக்கு முன்னால் பார்த்தவர்கள். எனக்கு அவரை அட்டை கடித்த காலோடுதான் தெரியும். நான் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தோட்டத்தில் அவர் ஓர் ஆராய்ச்சி செய்ய வந்தபோது, லயம் லயமாக அவரை அழைத்துக்கொண்டு திரிந்தவன். அந்த ஒரு வேலையைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் கொழுந்துப் பையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டுதான் எடுப்பார்கள். உச்சந்தலையில் கயிறு, முதுகில் பை. கொழுந்து சேரச் சேரக் கழுத்து பின்னால் இழுபடும். மழை நாளில் ஈரக் கொழுந்து இன்னும் கனக்கும். வயதான பெண்கள் தலையைச் சீவும்போது பார்த்தால், கயிறு பதியும் இடத்தில் முடி இருக்காது. எங்கள் ஆட்கள் அதைப் பெரிய விஷயமாகப் பேசியதில்லை. மழைக்குக் கால் ஊறுவதைப் போல அதுவும் ஒன்று என்று இருந்தோம்.

புதிதாக இரண்டு மாதிரிப் பைகள் வந்தன. ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாட்டுவதைப் போன்ற தோள்பை. மற்றது இடுப்பில் வார் வைத்துக் கட்டுவது. இடுப்புப் பையின் விலை குறைவு. எது கழுத்துக்கு நல்லது என்று பார்த்துச் சொல்லத்தான் ரெஜினா மிஸ்ஸைக் கூப்பிட்டார்கள். “இதென்ன படிப்பு மிஸ், பையப் பாக்குற படிப்பா?” என்று நான் கேட்டேன். “எண்ணுற படிப்புண்ணே,” என்றார். “எண்ணத் தொடங்குறதுக்கு முன்னால, எத்தனைய எண்ணணும்னு யோசிக்கிறதுதான் அதுல பாதி வேல.”

முதல் நாளே தோட்டத்து அலுவலகமான கந்தோர் வாசலில் ஒரு வாக்குவாதம். நானும் பக்கத்தில் நின்றேன்.

“மூணு கூட்டம் தானே மிஸ்? கயிறு ஒண்ணு, தோள்பை ஒண்ணு, இடுப்புப் பை ஒண்ணு. கூட்டத்துக்குப் பத்துப் பேரு போதும்,” என்றார் தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை. அப்போதிருந்த தொரை கெட்டவர் அல்ல, அவசரக்காரர்.

“சேர், கொழுந்து நிறுக்குற மடுவத்துல ஒரே ஒரு பையிலேர்ந்து ஒரு பிடி எடுத்துப் பாத்துட்டு, இன்னக்கி மலை முழுக்க முத்தல்னு எழுதுவீங்களா?”

“அது எப்படி எழுதுறது? ஒருத்தி நல்லா எடுப்பா, ஒருத்தி முத்தலும் கம்புமா கொண்டு வருவா. நெறைய பையில கைய விட்டுப் பாக்கணும்.”

“எல்லாரும் ஒரே மாதிரி எடுத்தா?”

“அப்ப ஒரு பிடி போதும்.”

“கழுத்தும் அப்படித்தான் சேர். ஒருத்திக்கு வலியே இல்ல, ஒருத்திக்குத் தலையத் திருப்ப முடியல. ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுதோ, அவ்வளவு ஆள் எனக்குக் கூட வேணும்.”

தொரை சிரித்துவிட்டார். “சரி மிஸ், அப்ப எத்தனை கழுத்து வேணும்? சொல்லுங்க, கட்டி அனுப்புறேன்.”

“எனக்குத் தெரியாது. இனிமேதான் போய்க் கேக்கணும்,” என்றார் மிஸ்.

யாரிடம் கேட்பார் என்று தொரைக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. கொழும்பில் இவரைவிடப் பெரியவர் யாரோ இருக்கிறார் என்று நினைத்தேன். மிஸ் நேரே எங்கள் லயத்துக்கு வந்தார். பெண்கள் வேலை விட்டு வந்து பீலியில் குளித்துக்கொண்டும் துணி அலசிக்கொண்டும் இருந்தார்கள். பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். வெறுந்தேத்தண்ணி கொடுத்தால் சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கி நக்கிக் குடிப்பார். லயத்தில் பிறந்த பிள்ளை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

“ஒரு பைய மாத்தினா ஒங்க கழுத்து வலி கொறையும்னு வைங்க. எவ்வளவு கொறஞ்சா ஒங்களுக்குப் பிரயோசனம்?” என்று கேட்டார்.

“வேரோட போகணும் மிஸ். போற போக்குல எங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டுப் போகணும்,” என்றாள் ஒருத்தி. எல்லாரும் தண்ணீரை வாரி அவள் மேல் இறைத்தார்கள்.

சிரிப்பு அடங்கின பிறகு செல்வராணி சொன்னாள். “ராத்திரி பொரண்டு படுக்கணும் மிஸ். அது போதும். இப்ப எந்திரிச்சு ஒக்காந்து, ரெண்டு கையாலயும் தலையப் புடிச்சுக்கிட்டுத்தான் மத்தப் பக்கம் திரும்புறேன்.”

ஒரே கூரையின் கீழ் இருந்த எனக்கு அது தெரியாது. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். மிஸ் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். மற்றப் பெண்களிடம் திரும்பி, “ஒங்களுக்கு?” என்று கேட்டார். ஒவ்வொருத்தியும் அதுதான் என்று தலையை ஆட்டினாள்.

திரும்பி நடக்கும்போது மிஸ் என்னிடம் சொன்னார். “எண்ணிக்கைய நான் போடலண்ணே. ஒங்க மக போட்டுட்டா.” எனக்குப் புரியவில்லை என்று கண்டதும் எதிர் மலையைக் காட்டினார். “அந்தா பங்களா தெரியுது. அதப் பாக்க இங்கேருந்தே முடியும். ஆனா அந்த மலையில எடுக்குறவங்கள்ல ஒங்க மக யாருன்னு கண்டுபிடிக்கணும்னா?”

“கிட்டப் போகணும்.”

“எனக்குக் கிட்டப் போறதுன்னா நெறைய ஆளச் சேக்குறது. வலி அடியோட போச்சா இல்லையான்னு பாக்கக் கொஞ்சம் பேரு போதும். பொரண்டு படுக்க முடியுதாங்கிறது அதவிடச் சின்ன வித்தியாசம். ராணிக்கு அதுதான் பெரிசு. அப்ப அதப் புடிக்கிற அளவுக்குத்தான் நான் ஆள் சேக்கணும்.”

இன்னொரு நாள் ஹட்டன் பஸ் நிலையத்தில் காத்து நின்றபோது, ஏன் மூன்று கூட்டம் என்றால் இரண்டு கூட்டத்தைவிடத் தொல்லை என்று விளங்கப்படுத்தினார். பக்கத்தில் அதிர்ஷ்ட லாபச் சீட்டு விற்பவன் கத்திக்கொண்டிருந்தான். “ஒரு சீட்டு வாங்கினா விழுறது அபூர்வம். மூணு வாங்கினா எதுலயாவது ஒண்ணுல விழ வாய்ப்புக் கூட. விழுந்துட்டா, நான் ராசிக்காரன்னு சொல்லிக்குவோம். மூணு பை வச்சா எனக்கு மூணு சோடி இருக்குண்ணே. கயிறும் தோளும், கயிறும் இடுப்பும், தோளும் இடுப்பும். ஒவ்வொரு சோடியும் ஒரு சீட்டு. ஏதாவது ஒண்ணு சும்மா குருட்டு வாக்குல ‘நான்தான் நல்ல பை’ன்னு காட்டும். அதுல ஏமாறாம இருக்கணும்னா இன்னும் கறாரா பாக்கணும். கறாரா பாத்தா இன்னும் ஆள் வேணும்.” அதைக் கேட்ட நாளிலிருந்து நான் சீட்டு வாங்குவதை விட்டுவிட்டேன். அதற்குத் தான் பொறுப்பல்ல என்று சொல்லி மிஸ் சிரித்தார்.

இனிச் சொல்லப்போவது எங்கள் ஆட்களின் வேலை. மாணவர்களே, இதை அவர் உங்களிடமும் சொல்லியிருப்பார்.

உண்மையான ஆராய்ச்சிக்கு முன்னால் எங்கள் லயத்தில் ஓர் ஒத்திகை நடந்தது. எல்லாருக்கும் தோள்பை கொடுத்தார்கள். சில வாரம் கழித்து மிஸ் வந்து ஒவ்வொருத்தியையும் தனியாக வாசல் திண்ணை இஸ்தோப்பில் உட்கார வைத்துக் கேட்டார். முதல் ஆள், “முக்காவாசி கொறஞ்சிருச்சு மிஸ், நல்லாப் பொரண்டு படுக்குறேன்,” என்றாள். இரண்டாவது ஆளும் அதையே சொன்னாள். மூன்றாவதும். எல்லாருக்கும் முக்கால்வாசி. எல்லாரும் நல்லாப் புரண்டு படுக்கிறார்கள். வலியே இல்லாமல் இருந்த ஒரு சின்னப் பெண்ணுக்கும் முக்கால்வாசி குறைந்துவிட்டது.

மிஸ் செல்வராணியைப் பார்த்தார். “ராணி, என்னா இது? ஸ்கூல் பிள்ளைங்க தேவாரம் சொல்ற மாதிரி?”

செல்வராணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “நேத்து பீலிக்கரையில பேசி முடிவெடுத்தோம் மிஸ். ஆளுக்கொரு பேச்சுப் பேசினா, ஒனக்கு வேணாம்தானேன்னு பைய வாங்கிட்டுப் போயிருவாங்க. எல்லாரும் ஒரே பேச்சா நிப்போம்னு சொல்லிக்கிட்டோம்.”

சம்பளப் பேச்சென்றாலும் தண்ணீர்ப் பிரச்சினை என்றாலும் எங்கள் ஆட்கள் அப்படித்தான். ஒரு லயத்துக்கு ஒரே வாய். அப்படி நின்றதால்தான் கிடைத்ததெல்லாம் கிடைத்தது. கந்தோரில் ஒருவன் மாறிப் பேசினால் எல்லாருடைய காரியமும் கெடும் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். அதை ஓர் ஆராய்ச்சிக்கும் செய்வார்கள் என்று மிஸ் நினைக்கவில்லை.

கோபப்படுவார் என்று பயந்தோம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அடிப் பாவிகளா! ஒங்க ஒத்துமை சங்கத்துக்கு நல்லது, எனக்குச் சத்துரு. நான் இருபது பேரக் கேட்டேன்னு நெனச்சேன். கேட்டது ஒரு ஆள!”

பிறகு, பேசி வைக்காவிட்டாலும் ஒரு லயத்து ஆட்கள் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள் என்று விளக்கினார். ஒரே சரிவு, ஒரே தண்ணீர், ஒரே சொந்தக்காரர்கள். அதனால் ஒரு லயத்தில் இருபது பேரைக் கேட்பது இருபது பேரைக் கேட்பதற்குச் சமம் அல்ல. லயத்துக்குள் ஆளைக் கூட்டுவதைவிட லயங்களைக் கூட்ட வேண்டும். ஒரே லயத்தில் ஒருத்திக்குப் பையும் இன்னொருத்திக்குக் கயிறும் கொடுத்துப் பார்க்கலாமே என்று நான் கேட்டேன். “கொடுக்கலாம். மத்தியானத்துக்குள்ள பை கை மாறிரும். அக்காவுக்கு வலிச்சா தங்கச்சி பாத்துக்கிட்டிருப்பாளா?” என்றார். மாட்டாள்.

ஆக, அவர் போட்டிருந்த கணக்கு கிழிந்தது. எங்கள் தோட்டத்து லயங்கள் அத்தனையும் சேர்த்தாலும் மூன்று கூட்டத்துக்குப் போதவில்லை. விஷயம் தொரையின் காதுக்குப் போனது. தொரை நல்ல யோசனை என்று நினைத்து ஒன்றைச் சொன்னார். “கயித்துக் கூட்டத்த எடுத்துருங்க மிஸ். கயிறு மோசம்னு எல்லாருக்கும் தெரியும் தானே. ரெண்டு பைய மட்டும் பாருங்க. ஆளும் போதும்.”

எங்கள் பெண்களும் அதைத்தான் விரும்பினார்கள். யார் கயிற்றோடு இருக்க ஆசைப்படுவார்கள்?

மிஸ் சம்மதிக்கவில்லை. “ரெண்டு பையும் கயித்த மாதிரியே மோசமா இருந்தா? அப்ப ரெண்டுல எது நல்லதுன்னு பாத்து என்னா பிரயோசனம்? புதுசுங்கிறதுனால நல்லதா இருக்கணும்னு சட்டமில்ல.”

அடுத்த வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு பொல்பிட்டியப் பக்கம் இன்னொரு தோட்டத்துக்குக் கிளம்பினார். கூடுதலாக லயங்கள் கேட்கத்தான். பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறுகிற பாதையில் மழை பிடித்தது. அட்டைக்குப் பயந்து ஒவ்வொரு வளைவிலும் நின்று காலைப் பார்ப்பார். அப்படி ஒரு வளைவில் நின்றுகொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை.

“அண்ணே, ரெண்டு பையையும் கயித்தோட ஒப்பிடுறதால, கணக்குப்படி பாத்தா கயித்துப் பக்கம்தான் கூட ஆள் வைக்கணும். அப்படி வச்சா மொத்தத்துல கொஞ்சம் ஆள் மிச்சமாகும். இந்த மலை ஏறத் தேவையில்லாமக்கூடப் போயிருக்கும்.”

“அப்ப வைக்கிறதுதானே மிஸ்?”

“வலிக்கிற கூட்டத்துல அதிகம் பேர வச்சு எனக்கு வேல மிச்சம் புடிக்கணுமா? மூணும் சமமா இருக்கட்டும். குறையுற ஆளுக்கு நான் நடக்குறேன்.”

சொல்லிவிட்டுக் காலில் இருந்த அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு நடந்தார். எனக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பேச்சு விளங்கியது.

அந்தத் தோட்டம் சம்மதித்தது. அதற்கு மேலும் கொஞ்சம் ஆட்களைச் சேர்த்தார். எங்கள் பெண்களில் சிலர் சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் வரும் காலத்தில் நல்லதண்ணிக்குப் போய்க் கடைகளில் வேலை செய்வார்கள், சிலர் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போவார்கள் என்று நான் சொல்லியிருந்தேன். “போறவங்களுக்கும் சேத்துத்தான் எல போடணும்,” என்றார். விருந்துக்குச் சமைப்பவரைப் போல.

பிறகு மாரியம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போட்டார்கள். ஒரு லயத்துக்கு ஒரு சீட்டு. குடத்துக்குள் கையை விட்டு எடுக்க வேண்டும். எங்கள் லயத்துக்குச் செல்வராணி எடுத்தாள். கயிறு விழுந்தது.

அவள் ஒத்திகையில் தோள்பையை மாட்டிப் பார்த்தவள். அதில் கழுத்து எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியும். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மிஸ்ஸைப் பார்த்தாள். “இதுக்கா மிஸ் ஒங்களுக்கு அவ்வளவு தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தேன்?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மிஸ்ஸும் சிரிக்கவில்லை. “முடிஞ்ச அன்னக்கி, கயித்துக் கூட்டம்தான் மொதல்ல வந்து புடிச்ச பைய எடுக்கும். மத்தவங்க பொறகுதான்,” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். தொரையையும் அதே இடத்தில் ஆம் என்று சொல்ல வைத்தார்.

மிஸ்ஸிடம் குறை இல்லாமல் இல்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு முன்னால் அடுத்த கேள்வியைக் கேட்பார். பிடித்த பிடியை விடமாட்டார். வாய்க்கு வந்தபடி யாரையும் திட்டமாட்டார், ஆனால் ‘அது எனக்குத் தெரியாது’ என்று அவர் சொல்லும் விதம் திட்டைவிடக் கசக்கும். அந்தப் பிடிவாதம் பாதி வழியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது.

பாதி வழியில் வந்த பதில்களைப் பார்த்தால் இடுப்புப் பைதான் முன்னால் நின்றது. தொரைக்குச் சந்தோஷம். விலையும் குறைவு தானே. “போதும் மிஸ், நிப்பாட்டுவோம். எல்லாருக்கும் இடுப்புப் பை எடுத்துருவோம்,” என்றார். பெண்களுக்கும் அதே எண்ணம். மழைக்காலம் வேறு. செல்வராணி அடுப்படியில் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய அம்மா இருந்திருந்தால் மிஸ்ஸை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பாள்.

மிஸ் லயத்தில் நாங்கள் இருக்கும் காம்பராவுக்கு வந்து அடுப்புக்கு முன்னால் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“இன்னும் எவ்வளவு நாளைக்கு மிஸ்?”

“கொழுந்து கொறையிற வரைக்கும். ராணி, ஒண்ணு சொல்றேன். நீ எப்ப வேணும்னாலும் விட்டுறலாம். ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன். நாளைக்கே தோள்பைய மாட்டிக்கிட்டுப் போ. ஒன் கழுத்து ஒன்னோடது.”

“நிப்பாட்டத்தான் போறாங்களாமே?”

“நான் நிப்பாட்ட மாட்டேன். முன்னால நிக்கிறது இடுப்புப் பைதான். ஆனா இதுவரைக்கும் வந்த பதில் ரெண்டு மூணு லயத்துது. அதுல எல்லாம் எளவயசுப் புள்ளைங்க. மத்த லயம் வரட்டும். இத்தன பேரு வேணும்னு நான் தொடங்கும்போதே சொன்னது, நடுவுல எனக்குப் புடிச்சது தெரிஞ்ச ஒடனே கைய எடுத்துறக் கூடாதுங்கிறதுக்காகத்தான். தப்பான பைய இப்ப எடுத்தா, அது ஒங்க முதுகுல பல வருசத்துக்குத் தொங்கும்.”

செல்வராணி அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள்.

“நான் விட்டுட்டா எங்க லயமே விட்டுரும் மிஸ். ஒரே வாய்தானே நாங்க,” என்றாள். “ஒங்க கணக்குல ஓட்ட விழும். இருக்குறேன். ஆனா இனிமே தேத்தண்ணி நீங்க ஊத்தணும்.”

மிஸ் எழுந்து கேத்தலைத் தூக்கினார். அன்று எங்கள் வீட்டில் தேத்தண்ணி ஊற்றியது பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற ரெஜினா மிஸ். சொல்லக் கூடாது, தேத்தண்ணி நன்றாக இல்லை.

எல்லாம் முடிந்து முடிவைச் சொல்ல வந்த காலையில், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம் நிறைந்திருந்தது. இரண்டு தோட்டத்துப் பெண்களும் வந்திருந்தார்கள். மிஸ் ஒலிபெருக்கி வேண்டாம் என்றார்.

“தோள்பை கயித்தவிட நல்லது. ராத்திரி பொரண்டு படுக்குறவங்க அந்தக் கூட்டத்துலதான் கூட. இதுல எனக்குச் சந்தேகம் இல்ல. இடுப்புப் பை தொடக்கத்துல முன்னால நின்னது, மத்த லயமெல்லாம் வந்த பொறகு எறங்கிருச்சு. அது கயித்தவிட நல்லதுன்னு என்னால சொல்ல முடியல. மோசம்னும் சொல்ல முடியல. தெரியல.”

தொரைக்கு முகம் மாறியது. “தெரியலன்னு சொல்லவா மிஸ் இவ்வளவு பேரு?”

“ஆமா சேர். பத்துப் பேர வச்சிருந்தாலும் தெரியலன்னுதான் வந்திருக்கும். அது சரியாப் பாக்காததால தெரியாம இருக்குறது. இல்லாட்டி, ஒங்களுக்கு வந்த மாதிரி இடுப்புப் பைதான் நல்லதுன்னு வந்திருக்கும். அது ஏமாந்தது. இப்ப நான் சொல்றது நல்லாப் பாத்துட்டுச் சொல்ற தெரியல.”

“சரி, தோள்பை,” என்றார் தொரை. கயிற்றுக் கூட்டம்தான் முதலில் வந்து எடுத்தது. செல்வராணி தன் பையை எடுத்து மாட்டிக்கொண்டு, பழைய கயிற்றை என் கையில் தந்தாள். அது இப்போது எங்கள் பசுவைக் கட்டுகிறது.

அடக்கத்துக்கு எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் போனார்கள். பொல்பிட்டியப் பக்கத்திலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். பாதர், “தோட்டத்து ஆட்கள் சார்பில் ஒருவர் வந்து பேசுங்கள்,” என்று கூப்பிட்டார். சங்கக் கூட்டமாக இருந்தால் ஒருத்தி போயிருப்பாள், மற்றவர்கள் பின்னால் நின்றிருப்பார்கள். செல்வராணி எழுந்து நின்றாள்.

“மன்னிக்கணும் பாதர். மிஸ்ஸுக்கு அது புடிக்காது. நாங்க பீலிக்கரையில பேசி வைக்காமத்தான் வந்திருக்கோம். தனித்தனியாத்தான் சொல்லுவோம்.”

அந்த அழுகையிலும் உங்களில் சிலர் சிரித்ததை நான் பார்த்தேன். பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராகப் பெட்டிக்குப் பக்கத்தில் போனார்கள். ஒருத்தி, என் தலையில் முடி முளைத்தது என்றாள். ஒருத்தி, எனக்கு இன்னும் வலிக்கிறது மிஸ், ஆனாலும் வந்திருக்கிறேன் என்றாள். இடுப்புப் பைக் கூட்டத்திலிருந்த ஒருத்தி, எனக்கு அந்தப் பைதான் பிடித்தது, உங்களிடம் சொன்னேன், நீங்கள் அதையும் எண்ணினீர்கள் என்றாள். ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் தொட்டுவிட்டு வந்தாள். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி சொல்லவில்லை. அவருக்கு அதைவிடப் பெரிய மரியாதையை எங்களால் செய்திருக்க முடியாது.

நான் எதை வைத்திருக்கிறேன் என்று கேட்டால் சொல்ல ஒன்று இருக்கிறது. எங்கள் காம்பராவின் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் செல்வராணியின் கட்டில். பழைய கட்டில், ஒரு கால் ஆட்டம். அவள் தூக்கத்தில் புரளும்போது அது ஒரு சத்தம் போடும். முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு முன்னால் அவள் எழுந்து உட்காரும் சத்தம் வரும், ஒரு முனகல் வரும். இப்போது கட்டில் மட்டும்தான் சத்தம் போடுகிறது. கட்டில் காலைச் சரிசெய்து தரவா என்று ஆசாரி கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.